பழைய லேண்ட் ரோவர் வாங்கப் போறீங்களா?

தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு, சேமலாப நிதிக் காசும் சேவைக்காலப் பணமும் கைக்கு வந்ததும் நம் ஆட்கள் நினைக்கிற காரியம் இரண்டு மூன்றுதான். மகளுக்குக் கல்யாணம், லயத்துக் கூரைக்குத் தகரம், இல்லாவிட்டால் மகனுக்கு ஒரு வண்டி. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தப் பாடம். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய காசு ஒரே நாளில் கைமாறுகிற காரியம் இது. அவசரப்படாமல் படியுங்கள். படிக்கத் தெரியாத அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

மேல் டிவிசன் பாதைக்கு வேன் சரிப்படாது. மரக்கறி மூட்டை இறக்கவும், ராத்திரியில் பிள்ளைப்பேறு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேணும். அதனால்தான் அந்தக் காலத்தில் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவரை இன்றைக்கும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் 1948இல் முதலில் வந்த வண்டி. நம் பக்கம் விலைக்கு வருகிறவற்றில் பல 1958க்குப் பிறகு வந்த 'சீரிஸ் டூ'வும், 1971இல் இருந்து 1985 வரை செய்த 'சீரிஸ் த்ரீ'யும். எதை எடுத்தாலும் அதன் வயது உங்கள் வயதுக்குக் கிட்ட இருக்கும். ஆகையால் 'பழுது இருக்கா?' என்று கேட்காதீர்கள். பழுது இருக்கும். எந்தப் பழுது, அதை நம்மால் தாங்க முடியுமா என்றுதான் பார்க்க வேணும்.

முதலில் அடியில் படுத்துப் பாருங்கள். வண்டியின் வெளித்தகடு அலுமினியம், அது துருப்பிடிக்காது. அதனால் வெளியே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஆனால் அடியில் இருக்கிற சேசிஸ் இரும்பு. பெட்டி மாதிரி அடைத்துச் செய்தது. மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போய் நின்று, உள்ளே இருந்து வெளியே துரு தின்னும். ஒரு சின்ன சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். தின்றுபோன இடம் 'பொத்' என்று சத்தம் போடும். பின்னால் இருக்கிற குறுக்குச் சட்டத்தையும், வில் மாட்டுகிற இடங்களையும், கால் வைக்கிற பள்ளத்தையும் விடாதீர்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகத் தார் பூசியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். தாருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தட்டினால்தான் தெரியும். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் போடலாம். சேசிஸ் போனால் வண்டியே போன மாதிரிதான்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள், அதுவும் நேரத்தைச் சொல்லாமல் போங்கள். போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நோயாளி வண்டியும் சூட்டில் நல்லாத்தான் எழும்பும். குளிரில் எழும்புகிறதா என்று பார்க்க வேணும். சூடாக இருந்தால், "பரவாயில்லைங்க ஐயா, நாளைக்கு வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம், வெட்கம் ஒன்றும் இல்லை.

புகையையும் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. டீசல் வண்டியில் விடாத கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டரோ பம்போ பார்க்க வேணும், புகைச் சான்றிதழும் கிடைக்காது. நம் குளிருக்குக் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வருவது வழக்கம்தான். எஞ்சின் சூடேறிய பிறகும் அது நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் தேத்தண்ணி மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் ஒயிலில் கலக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்க வேண்டாம், முகம் வெந்துபோகும்.

அடுத்தது கியர். சீரிஸ் டூவில் முதல் இரண்டு கியர் போடும்போது 'கரக்' என்று கடிக்கும். அது பழுதில்லை, அதன் அமைப்பே அப்படி. ஓட்டத் தெரிந்தவன் சத்தமில்லாமல் போடுவான். பழுது வேறு. ஒரு இறக்கத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் விட்டு, எக்சலேட்டரில் இருந்து காலை எடுங்கள். கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்தால் அந்தப் பெட்டி தேய்ந்துபோனது. நம் பாதையில் இறங்கும்போது எஞ்சின்தான் பாதி பிரேக். வளைவில் அது கைவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மஞ்சள் குமிழ் உள்ள கம்பியை அமுக்கினால் நாலு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் மெதுவான, பலமான கியர் வரும். அதிலும் நாலு சக்கரம்தான். சேற்றில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். தார் ரோட்டில் நாலு சக்கரத்தில் ஓட்டாதீர்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று இழுபட்டு டயர் தேயும், சக்கரத்துக்குப் போகிற ஷாப்ட் முறியும். பின்பக்க ஷாப்ட் முறிவது இந்த வண்டிக்குப் பழைய வியாதி. முன் சக்கரத்துக்கு உள்ளே உருண்டையாக இருக்கிற பகுதியையும் தடவிப் பாருங்கள். அது சொறி பிடித்திருந்தால் சீல் கிழிந்து ஒயில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும். மற்ற வண்டிகளில் பெரும்பாலும் அது பின் சக்கரங்களைப் பிடிக்கும். இந்த வண்டியில் கியர் பெட்டிக்குப் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கிறது. அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, சக்கரத்துக்குப் போகிற நீள ஷாப்டைப் பிடிக்கிறது. பெட்டியின் சீல் போனால் ஒயில் அந்த டிரம்முக்குள் இறங்கி, கம்பியை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. இன்னொன்று இதைவிட மோசம். நான் வண்டி வாங்கிய புதுசில், மழைக்குள், இறக்கத்தில் பின் சக்கரம் பஞ்சர். ஹேண்ட் பிரேக் போட்டாச்சே என்று ஜாக்கி வைத்தேன். சக்கரம் தரையை விட்டதும் வண்டி நகர்ந்தது. தூக்கிய சக்கரம் சும்மா சுற்றியதால் மற்றச் சக்கரத்துக்கும் பிடிப்பில்லை. "மச்சான், காலை எடு!" என்று கத்தினேன். மச்சான் பாய்ந்தான். வண்டி ஜாக்கியில் இருந்து விழுந்து, தேயிலைச் செடியில் முட்டி நின்றது. ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் என் தங்கச்சி தாலியை இழந்திருப்பாள். ஆகவே இரண்டு கல்லோ கட்டையோ எப்போதும் வண்டிக்குள் கிடக்கட்டும். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு அடை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது.

கால் பிரேக்கை ஒரே அமுக்கில் பிடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் சரிக்கட்ட வேண்டும், சேதியை விலையில் கழியுங்கள். ஸ்டியரிங்கில் ஆட்டம், வில்லில் உடைந்த தகடு, இதெல்லாம் நல்ல பாஸ் ஒருவரைக் கூட்டிப்போனால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். விற்கிறவரின் பாஸ் வேண்டாம். உங்கள் டவுன் கராஜில் இருந்து கூட்டிப்போங்கள், அவருக்கு நாள் சம்பளம் கொடுத்தாலும் லாபம்தான்.

கடைசியில் கடதாசி. பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பல வண்டிகளில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் போட்டிருப்பார்கள். போட்டது தப்பில்லை, புத்தகத்தில் மாற்றாமல் விட்டதுதான் தப்பு. புத்தகத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். "ஓப்பன் பேப்பர் தாறேன், பேரை அப்புறம் மாத்திக்கலாம் தம்பி" என்பார்கள். அந்த 'அப்புறம்' வருவதற்குள் அவர் வீடு மாறியிருப்பார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத் தேவையான கையெழுத்தெல்லாம் காசு கொடுக்கிற அன்றைக்கே வாங்க வேணும். கூலிக்கு ஓட்டுகிற எண்ணம் இருந்தால் இன்சூரன்ஸ் எடுக்கும்போதே அதைச் சொல்லி எடுங்கள்.

கையில் இருப்பதை எல்லாம் வண்டிக்கே கொட்டிவிடாதீர்கள். பத்தில் மூன்று பங்கை வீட்டு அம்மா கையில் கொடுத்து வையுங்கள். முதல் வருஷம் டயர், பிரேக், ஒயில் சீல் என்று வண்டி அதைக் கேட்டு வாங்கும்.