சாயம் போன வளையம்

நிறம் வெளுத்த பழைய டைவ் வாட்ச்சைக் காட்டினால் பார்ப்பவர்கள் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: கடல், உப்பு, வெயில். என் கைக்கு வந்துபோன சீக்கோக்களில் பாதி கடலையே பார்த்ததில்லை. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வாங்கி வந்து, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கட்டிக்கொண்டவை.

என்னிடம் இரண்டு சீக்கோ 7002 இருக்கின்றன. இரண்டிலும் நீலமும் சிவப்புமாக, வாட்ச் பித்தர்கள் ‘பெப்சி’ என்று கூப்பிடும் பெசல், அதாவது டயலைச் சுற்றியுள்ள வளையம். ஒன்றில் சிவப்பு ரோஸாகிவிட்டது, நீலம் வெளிறிவிட்டது. மற்றொன்றில் நிறம் அப்படியே நிற்கிறது. இத்தனைக்கும் அதிகம் வெயிலில் அலைந்தது இந்த இரண்டாவதுதான். கட்டட வேலை மேற்பார்வையாளர் ஒருவர் தினமும் கட்டியிருந்தது. பின்மூடியில் உள்ள சீரியல் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டையும் இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். பார்த்தால், இரண்டும் வெவ்வேறு ஆண்டில் செய்தவை. துப்பு அங்கேதான் இருக்கிறது.

பெசலின் மேல் பதிந்திருக்கும் மெல்லிய வண்ணத் தகட்டை ‘இன்செர்ட்’ என்பார்கள். அது அலுமினியம். அதன் மேல் பெயின்ட் அடிப்பதில்லை. தகட்டைக் கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் மேற்பரப்பில் அலுமினிய ஆக்சைடு படலம் வளரும். தேனடை போல நெருக்கமான, கண்ணுக்கே தெரியாத துளைகள் கொண்ட படலம். அந்தத் துளைகளுக்குள் சாயம் ஏறும். பிறகு கொதிநீரில் போட்டால் படலம் நீரை ஏற்று உப்பி, துளைகளின் வாயை மூடிக்கொள்ளும். இதுதான் ஆனோடைசிங். படலம் எவ்வளவு தடிமன், சாயம் எவ்வளவு ஏறியது, வாய் எவ்வளவு நன்றாக மூடியது என்பதெல்லாம் தொட்டிக்குத் தொட்டி கொஞ்சம் மாறும். ஆகவே வெளுப்பில் பாதியாவது தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கணிப்பு.

மீதிப் பாதி வெயில். சாயம் கரிமப் பொருள். புற ஊதாக் கதிர் பட்டால் அதன் மூலக்கூறுப் பிணைப்புகள் உடையும், நிறம் போகும். வெப்பம் அதைத் துரிதப்படுத்தும். கறுப்பில்தான் வேடிக்கை அதிகம். பல சாயங்களைக் கலந்து கறுப்பாக்கியிருந்தால் எது முதலில் போகிறதோ அதைப் பொறுத்து ஒன்று சாம்பலாகும், ஒன்று பழுப்பாகும், ஒன்று நீலம் காட்டும்.

ரோலெக்ஸும் இதிலிருந்து தப்பவில்லை. 1950களின் நடுவில் வந்த அதன் முதல் ஜிஎம்டி மாஸ்டர் வாட்ச்சில் பேக்கலைட் பிளாஸ்டிக் பெசல் இருந்தது. அது எளிதில் விரிசல் விட்டதால் அலுமினியத்துக்கு மாறினார்கள். விரிசல் நின்றது, வெளுப்பு தொடங்கியது. 2005-இல் அதே வரிசையில் செராமிக் வந்த பிறகுதான் அதுவும் ஓய்ந்தது. செராமிக்கில் நிறம் பொருளோடு சேர்த்தே சுட்டெடுக்கப்படுகிறது. அந்தச் சூளை வெப்பத்தில் கரிமச் சாயம் நிற்காது, கனிம நிறமிகள்தான் நிற்கும். சிவப்புக்கு அப்படியொன்று எளிதில் அமையவில்லை. செராமிக்கில் சிவப்பு-நீலம் வர 2014 ஆனது.

உங்களிடம் அலுமினிய பெசல் இருந்தால் வெயிலைவிட வீட்டுச் சுத்தத்துக்குப் பயப்படுங்கள். அலுமினிய ஆக்சைடை அமிலமும் கரைக்கும், காரமும் கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் புளி, சோடா உப்பு, துணிக்குப் போடும் ப்ளீச் எதுவும் பெசல் பக்கம் வரக்கூடாது. நீச்சல் குளத்தில் இறங்கினால் அங்குள்ள குளோரினும் சாயத்தைத் தின்னும். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். காரின் டேஷ்போர்டில் கழற்றி வைப்பதை விட்டுவிடுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவதற்கு முன் இன்செர்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அமோனியா கலந்த திரவம் என்றால் ஒரே முக்கில் நிறம் போய்விடலாம்.

இப்போது வெளுத்த பெசலுக்கு ‘கோஸ்ட்’ என்று பெயர் வைத்துக் கூடுதல் விலை சொல்கிறார்கள். அதனால் ப்ளீச்சில் ஊறவைத்து வெளுக்கிறார்கள். அடுப்பில் சுடுகிறவர்களும் உண்டு. வாங்கும்முன் நான் பார்ப்பது முதலில் பளபளப்பை. இயற்கையாக வெளுத்ததில் சாயம்தான் போயிருக்கும். படலம் அப்படியே இருப்பதால் மினுமினுப்பு குறையாது. ப்ளீச் பட்டது படலத்தையும் அரித்துவிடும். சுண்ணாம்பு பூசியதுபோல மங்கித் தெரியும். அடுத்து, முடிந்தால் இன்செர்ட்டைக் கழற்றச் சொல்வேன். வெயில் எட்டாத ஓரம் மேற்பரப்பைவிட அடர்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே வெளுப்பு என்றால் அது ப்ளீச்சில் ஊறியது. கழற்றித் தர மறுக்கும் விற்பனையாளரிடம் கோஸ்ட் விலை கொடுக்காதீர்கள்.

பழைய இன்செர்ட்டை மாற்றிப் புதியது போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தினமும் கட்டுகிற வாட்ச் பார்க்க நன்றாக இருக்கட்டும். ஆனால் கழற்றிய பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதைக் கேட்டு வாங்கி, ஒரு உறையில் போட்டு, வாட்ச்சின் சீரியல் எண்ணை மேலே எழுதி வையுங்கள். பிற்பாடு விற்க நேர்ந்தால் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.