கடையின் பெயரும் பாலின் தரமும்

பல்பொருள் அங்காடிகள் சில, தம் பெயரையே அச்சிட்ட பைகளில் பால் விற்கின்றன. விலையும் சற்றுக் குறைவாக இருப்பதுண்டு. மலிவானது மட்டமாய் இருக்குமோ என ஐயுற்றுச் சிலர் அதை ஒதுக்குகின்றனர். மலிவு என்பதற்காகவே சிலர் வாங்குகின்றனர். இரண்டுமே ஆராயாது செய்வதன்றோ! நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கடைக்காரர் மாடு வளர்ப்பதில்லை. பெரும்பாலும் ஒரு பால் நிறுவனம் பாலைப் பதப்படுத்திப் பையில் அடைத்துத் தருகிறது. கடை தன் பெயரை இடுகிறது. விளம்பரச் செலவு குறைவதால் விலையும் குறைய இடமுண்டு. பையிலுள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கொண்டு தயாரித்தவரை அறியலாம்.

எவர் பெயரில் விற்றாலும், பாலின் வகைக்கேற்பச் சட்டம் அளவு வகுத்துள்ளது. இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 சதவீதமும், சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும், நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதமும், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் கொழுப்பு இருத்தல் வேண்டும். ஆகவே ஒரே வகைப் பாலையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நிறைகொழுப்புப் பாலைவிடச் சமன்படுத்திய பால் மலிவாயிருப்பது இயல்பே.

கொழுப்பு குறைந்தால் சத்தும் போயிற்று என எண்ண வேண்டாம். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தும் உடல் வளர்ச்சிக்கான புரதமும் கொழுப்பில் இல்லை. அவை பாலிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் இருமுறை சமன்படுத்திய பால் ஏற்றதன்று.

அடுத்து அளவைக் கவனிப்போம். 450 மில்லி லிட்டர் பை 27 ரூபாய், 500 மில்லி லிட்டர் பை 29 ரூபாய் என்று கொள்வோம். முதலாவது மலிவாகத் தோன்றுகிறது. கணக்கிட்டால் அது லிட்டர் 60 ரூபாய். மற்றதோ 58 ரூபாய்தான்! வகுப்பில் கற்ற கணக்கு இங்கே கைகொடுக்கிறது.

இறுதியாக, பயன்படுத்த வேண்டிய கடைசி நாளைப் படிப்போம். குளிர்ப்பெட்டிக்கு வெளியே கிடக்கும் பை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். உப்பிய பையும் வேண்டாம்.

மாணவிகளே, மாதக் கடைசியில் அம்மா பால் கணக்குப் பார்க்கும்போது முகம் வாடுவதை நாம் கண்டிருக்கிறோம். வகை, அளவு, நாள், தயாரித்தவர் ஆகிய நான்கையும் படித்து வாங்கினால், அவர்தம் சுமையில் ஒரு பங்கை நாமும் தாங்கலாம். மிஞ்சும் காசு தம்பி தங்கையருக்கு ஒரு முட்டையாகுமானால், அதுவும் நாம் ஈட்டியதே!