பத்து டெராபைட்டுக்கு எந்தப் பாதை?

10 டெராபைட் தரவை நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் அனுப்பினால், ஒரு நொடிகூட வீணாகாமல் போனாலும் 22 மணி நேரம் தாண்டும். 100 கிகாபிட்டில் 13 நிமிடம்தான். இந்தக் கணக்கைப் பார்த்ததுமே ‘எங்களுக்கும் நூறு வேண்டும்’ என்று ஆய்வுக் குழுக்கள் கிளம்பிவிடுகின்றன. தரவு எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. எந்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே முதல் கேள்வி.

கெடு இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 2017இல் கருந்துளையை நோக்கிய ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழு, பெட்டாபைட் கணக்கான பதிவுகளை விமானத்தில்தான் அனுப்பியது. தென்துருவத்து டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடியக் காத்திருந்து டிசம்பரில் வந்து சேர்ந்தன.

அன்றாட வேலைக்கு அந்தந்த நாட்டின் கல்வி, ஆய்வு நெட்வொர்க்கே போதும். ஆனால் கண்டம் கடக்கும்போது நாலைந்து பாக்கெட் தொலைந்தாலே, தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறை வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொள்ளும். தூரம் கூடக்கூட, பழைய வேகத்தை எட்ட அதற்கு நேரமும் கூடும்.

ஆண்டு முழுக்க அதே இரு முனைகளுக்கு இடையில்தான் தரவு ஓடுமா? அப்போது தனிப்பாதை வாங்குங்கள். ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் தன் முதல்நிலைக் கணினி மையங்களோடு அப்படித்தான் இணைந்திருக்கிறது. சும்மா கிடக்கும் நாளுக்கும் காசு போகும், அது தெரிந்ததே. அந்தப் பாதையைத் திறப்பது இன்னொரு பாடு. வழியில் மூன்று நெட்வொர்க் இருந்தால் மூன்று இடத்துக்கும் மின்னஞ்சல் போக வேண்டும். உங்கள் பாதையைப் பிரித்துக் காட்ட நீங்கள் கேட்ட விலேன் எண்ணை நடுவில் ஒருவர் ஏற்கெனவே வேறு யாருக்கோ கொடுத்திருப்பார். மறுபடி முதலிலிருந்து.

பல நெட்வொர்க்குகள் சந்திக்கும் இடத்தை மென்பொருளே ஆளும் எக்ஸ்சேஞ்ச் பிடுங்கி எறிவது இந்தத் தலைவலியைத்தான். எங்கிருந்து எங்கே, எவ்வளவு வேகம், எத்தனை நாள் என்று சொன்னால், அதன் கன்ட்ரோலர் ஸ்விட்சுகளுக்குக் கட்டளையிட்டுப் பாதை போடும். எண் மோதினால் மாற்றியும் கொடுக்கும். சிகாகோவின் ஸ்டார்லைட், மயாமியை மையமாகக் கொண்ட ஆம்லைட் இரண்டும் இத்துறையின் முன்னோடிகள். சிலியின் வேரா ரூபின் ஆய்வகத்துக்கு ஆம்லைட் முக்கியப் பாதை. அங்கே 3,200 மெகாபிக்சல் கேமரா, இரவுக்குச் சுமார் 20 டெராபைட். வானில் ஏதாவது மாறினால் 60 நொடிக்குள் உலகுக்கு அறிவிப்பது இலக்கு. கேபிள் அறுந்தால், ஆள் வந்து மாற்றுப் பாதைக்குத் திருப்பும்வரை காத்திருக்க முடியாத வேலை. ரூபின் ஆய்வகமும் நிரந்தரமாக ஒதுக்கிய கொள்ளளவைக் கைவிடவில்லை, அதன்மேல்தான் மென்பொருள்.

கூட்டாளிகள் அடிக்கடி மாறும், பல நாடுகள் கலந்த திட்டம் என்றால் நான் எக்ஸ்சேஞ்சையே சொல்வேன். அதற்குமுன் எதிர்முனையிடம் கேளுங்கள்: கன்ட்ரோலரின் கட்டளை உங்கள் ஸ்விட்ச்வரை வருமா? நடுவில் ஒரு நெட்வொர்க் கையால் இயங்கினாலும் பழைய மின்னஞ்சல் கதைதான்.

கையெழுத்துப் போடுமுன் பெர்ஃப்சோனார் என்ற அளவீட்டுக் கருவியை வைத்து முனைக்கு முனை அளந்துவிடுங்கள். நெரிசல் கடலடி கேபிளில் இல்லாமல், உங்கள் வளாக ஃபயர்வாலிலேயே இருப்பது சகஜம். அப்படியென்றால் அறிவியல் தரவுக்கென ஃபயர்வாலுக்கு வெளியே தனிப் பகுதி ஒதுக்குவதுதான் முதல் செலவு.