பாறை இடுக்கு மீன்களை எண்ணுவது எப்படி

பாறைக் குட்டைகளில் சிறுமீன் கணக்கெடுக்கப் பழக, திருவண்ணாமலை மாணவர்களுக்குச் சாத்தனூர் போதும். 1958-இல் கட்டிமுடித்த அணைக்குக் கீழே, கோடையில் தென்பெண்ணையின் பாறைகளுக்கிடையே தண்ணீர் தேங்கி நிற்கும். கோயில் தீர்த்தங்களை விட்டுவிடுங்கள். பொரி தின்னும் மீனை எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முதலில் மீன்வளத் துறையிடமும் அணை அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தண்ணீர் திறக்கும் நாளா என்றும் கேளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் பாய்ந்த ஆறு இது. முதலையும் உண்டு. முழங்காலுக்கு மேல் ஆழமோ கலங்கலோ இருந்தால் அந்தக் குட்டை வேண்டாம்.

வீச்சு வலை பாறையில் மாட்டிக் கிழியும். ஊத்தாக் கூடை சேற்றடி ஏரிக்குத்தான். சிறு கைவலை, பழைய நைலான் கொசுவலை, மூடியுள்ள இரண்டு வாளிகள் போதும்.

தண்ணீர் வந்துபோகும் வழிகளைக் கொசுவலையால் அடைத்து, அடியில் இடைவெளியில்லாமல் கல் வையுங்கள். ஒருவர் கல்லைப் புரட்ட, மற்றவர் வலையை ஒட்டிப் பிடிக்க வேண்டும். உளுவை கல்லடியில் கிடக்கும், அயிரை மணலில் புதையும், கெண்டைக் குஞ்சு நடுநீரில் ஓடும். புரட்டிய கல்லைப் பழையபடியே வையுங்கள்; அடியில் முட்டை ஒட்டியிருக்கலாம். பதினைந்து நிமிடத்தில் நிறுத்தி, பிடித்ததை நிழலில் முதல் வாளியில் விடுங்கள்.

பலர் இங்கேயே எண்ணி எழுதிவிட்டுக் கிளம்புகிறார்கள். அது பிடிபட்ட மீனின் கணக்கு, இருக்கும் மீனின் கணக்கல்ல. தண்ணீர் தெளிந்ததும் அதே ஆட்கள், அதே வலை, அதே பதினைந்து நிமிடம் மீண்டும் பிடித்து, இரண்டாம் வாளியில் விடுங்கள். முதல் எண்ணிக்கையை அதாலேயே பெருக்கி, இரண்டு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். முதலில் 30, பிறகு 10 என்றால், 900-ஐ 20-ஆல் வகுக்க 45 வரும். இரண்டாம் முறை குறையவே இல்லையென்றால் கணக்கு செல்லாது. அடைத்த வலையில் எங்கோ ஓட்டை இருக்கலாம். ஒளிவதில் கெட்டிக்கார மீன்கள் இரண்டு முறையும் தப்புவதால், வரும் விடையைக் குறைந்தபட்சமாகவே கொள்ளுங்கள்.

நனைத்த கையால், நனைத்த அளவுகோலில் அளந்து, பக்கவாட்டில் படமெடுத்து அதே குட்டையில் விடுங்கள். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையைத் தனி வரியில் எழுதுங்கள். கன்னியாகுமரிப் பாறைகளில் இதே வேலையைச் செய்வதானால், கடல் வற்றும்போது தொடங்கி ஏற்றத்துக்கு முன் கரையேறிவிட வேண்டும்.