இரண்டு மாத ஆய்வு: குழந்தை நலத்தில் ஆர்வமுள்ள மருத்துவ மாணவர்களுக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், 1979 முதல் இளநிலை மருத்துவ மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை வழங்கி வருகிறது. மாணவர் பேச்சில் இது 'எஸ்டிஎஸ்'. ஆய்வுக்குக் கிடைப்பது இரண்டே மாதம். அறிக்கை ஏற்கப்பட்டால்தான் பணமும் சான்றிதழும் கைக்கு வரும்.

குழந்தை நலத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கேள்வியின் அளவில்தான். தாய்ப்பால் குடித்த குழந்தையின் அறிவுத்திறன் பள்ளிப் பருவத்தில் எப்படி இருக்கும் என்பது நல்ல கேள்வி. இரண்டு மாதத்தில் அடங்காது. ஒருமுறை பார்த்து, அளந்து முடிக்கக்கூடியதே பொருந்தும். ரத்தசோகையை எடுத்துக்கொண்டால், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு அது உண்டு. இதை வைத்து, பிழை வரம்பு 5 புள்ளி என்று கணக்கிட்டால் 354 குழந்தைகள் தேவை. ஒரே மாணவர் அத்தனை பேரிடம் ரத்தம் எடுப்பது நடக்கிற காரியமல்ல. வரம்பை 10 புள்ளியாகத் தளர்த்தினால் 89 பேர் போதும், விடைதான் மங்கலாகும். சிகிச்சைக்காக ஏற்கெனவே செய்த பரிசோதனைகளின் முடிவுகளைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. ஆனால் மருத்துவமனைக்கு வருகிற குழந்தைகளை வைத்து ஊர்க் குழந்தைகள் எல்லோரையும் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

நாட்களை விழுங்குவது நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். குழு எப்போது கூடும் என்று விசாரித்து, விண்ணப்பத்தை முன்கூட்டியே தந்துவிட வேண்டும். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோர் சம்மதத்தோடு 7 வயது முதல் குழந்தையின் வாய்மொழி இசைவும், 12 வயதுக்கு மேல் எழுத்து மூலமான இசைவும் பெற வேண்டும். இதைப் படிவ வேலையாக நினைக்கிறவர்களே அதிகம். தாய் கையெழுத்திட்ட பிறகும் பிள்ளை மறுத்தால், அந்தப் பிள்ளையை விட்டுவிடுவதே முறை.

உண்மையான பயிற்சி அளவெடுப்பதில் இருக்கிறது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து நீளம் எடுக்க வேண்டும்; அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். படுத்து எடுத்த அளவு, நின்று எடுத்ததைவிடச் சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். இரண்டையும் கலந்துவிட்டால் வளர்ச்சிக் குறைவு என்ற முடிவே மாறிப்போகும். தலையை ஒருவரும் காலை ஒருவரும் பிடிக்காமல் கைக்குழந்தையின் நீளம் சரியாக வராது. ஆகவே துணைக்கு ஒரு ஆளை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எதிர்பார்த்த தொடர்பு தென்படாவிட்டால், தென்படவில்லை என்றே எழுத வேண்டும். எண்களைத் திருத்திய அறிக்கையைவிட, தொடர்பு காணாத நேர்மையான அறிக்கையே மேல்.