கிணற்று விளக்கும் ஒளிநாரும்

பாழ்பட்ட கிணற்றில் இறங்குமுன் கயிற்றிலே விளக்கொன்றைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை நம் முதியோர் அறிவர். சுடர் அணையுமாயின் ஆங்குள்ள காற்று உயிர்ப்புக்கு உதவாதென்பது துணிபு. ஆயின், சுடர் நின்றெரியும் இடத்தும் தீங்கு பயக்கும் அளவிற் காபனீரொட்சைட்டு இருத்தல் கூடும். அவ்வளவை அறியும் புதியதொரு வழியை ஈண்டு யாம் சுருங்கக் கூறுவாம்.

இவ்வாயு நிறமற்றது, காற்றினும் கனமானது, ஆதலாற் பள்ளங்களிலே தங்கும். 1986 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21 ஆந் திகதி இரவு, ஆபிரிக்காவிலுள்ள கமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து பொங்கியெழுந்த இவ்வாயு, தாழ்நிலத்து ஊர்களிற் பரந்து ஏறத்தாழ 1,700 மக்களின் உயிரைக் கவர்ந்தது.

இதனை ஒளியால் அளத்தற்கு வித்திட்டவருள் ஒருவர் யோன் ரின்டல் என்னும் அறிஞர். வளைந்து வீழும் நீர்த்தாரையினுள் ஒளியும் அதன்வழியே செல்லுதலை அவர் 1854 இல் இலண்டனிற் செய்து காட்டினார். 1859 இல் தொடங்கிய ஆராய்ச்சியால், காபனீரொட்சைட்டு வெப்பக்கதிரை உறிஞ்சுமென நிறுவினார். இவ்விரண்டு உண்மைகளும் இன்றைய ஒளிநார்க் கருவியில் ஒன்றுசேர்ந்துள்ளன.

மயிரிழை போன்ற கண்ணாடி நாரினுட் புகும் ஒளி, முழுவுட்டெறிப்பினால் வெளியே சிதறாது மறுமுனையைச் சேரும். அங்கே வாயுவினூடு சென்று மீளும் ஒளி எத்துணை குறைந்ததென அறியின், வாயுவின் அளவும் அறியப்படும். இவ்வாயு மிகுதியும் உறிஞ்சுவது 4.26 மைக்கிரோமீற்றர் அலைநீளமுள்ள கதிரையாம். வழக்கமான சிலிக்காக் கண்ணாடியோ அக்கதிரைச் செல்லவிடாது. ஆகவே, உறிஞ்சல் குறைவாயினும், 2 மைக்கிரோமீற்றரளவான கதிரைக் கையாளுவர்.

மற்றொரு முறையுமுண்டு. நாரின் முனையில் ஈரந்தாங்கும் சாயப்பூச்சொன்றை இடுவர். அதிற் கரையும் வாயு காபோனிக்கமிலமாகச் சாயத்தின் நிறம் மாறும். அம்மாற்றத்தை மீளும் ஒளி அறிவிக்கும். மாணவர்காள், ஆய்கூடத்தில் நீவிர் காணும் பாசிச்சாயத்தாளின் செய்கையும் இத்தகையதே. நார்முனையில் மின்னோட்டம் இன்மையால், தீப்பற்றும் வாயுக்கள் உள்ள இடத்தும் பொறியெழும் அச்சமில்லை.

கிணற்றில் மயங்கி வீழ்ந்தவரை மீட்கவெனத் தாமும் இறங்கி மடிந்தோர் உளர். அன்பு மிகுந்த நெஞ்சினராயினும் அவர் காற்றின் நிலையை அறிந்திலர். கருவி கையில் இல்லாதவிடத்து விளக்கொன்றையே நம்பி இறங்கற்க. தக்க சாதனமுடையாரை அழைத்தலே அறிவுடைமை. இதனை மாணவர் தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பாராக.