பழைய பாவோடு பிணைத்த புதுப் பாவு

சங்கரன்கோவில்

அன்புள்ள மருமகனுக்கு,

நம் தெருச் சேலைக் கடைக்காரர் தன் பழைய இணையதளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றித் தரும் வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். மனதுக்கு நிறைவாக இருந்தது. "ரெண்டு நாள் வேலைதான் மாமா, டெம்ப்ளேட் கூடப் பார்த்து வச்சுட்டேன்" என்ற வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது.

தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நீ. ஒரு பாவு நெய்து முடிந்ததும் நெசவாளி என்ன செய்வார்? பழைய பாவின் கடைசி முழத்தை அறுத்து எறிந்துவிடுவாரா? அச்சிலும் விழுதிலும் ஏற்கெனவே கோத்துக் கிடக்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றைப் பிணைப்பார். ஆயிரக்கணக்கான முடிச்சு. தளம் மாற்றுவதும் அந்த வேலைதான். பழைய தளத்தின் ஒவ்வொரு பக்க முகவரியும் ஓர் இழை. அது யாருடைய வாட்ஸ்அப்பிலோ, கூகுளின் பட்டியலிலோ, மும்பையில் இருக்கும் மொத்த வியாபாரியின் குறிப்பேட்டிலோ கோத்துக் கிடக்கிறது. நீ டெம்ப்ளேட்டைப் பற்றி யோசிக்கிறாய். நான் அந்த இழைகளைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

ஆகவே முதல் வேலை, ஓர் எக்செல் தாள். இடப்பக்கம் பழைய முகவரிகள் அனைத்தும், வலப்பக்கம் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்பது. தளவரைபடத்தில் இருப்பதை மட்டும் எடுக்காதே. கூகுள் சர்ச் கன்சோலிலும் சர்வர் பதிவேட்டிலும் பார். எல்லோரும் மறந்துபோன பக்கத்துக்கு இன்னும் ஆள் வந்துகொண்டிருப்பது அங்கேதான் தெரியும். பிறகு ஒவ்வொன்றுக்கும் 301 திசைமாற்றம் போடு. 301 என்றால் நிரந்தரமாக வீடு மாறியாயிற்று என்று பொருள். 302 என்றால் தற்காலிகம்தான். அலுப்பில் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதே. சுங்குடிச் சேலை தேடி வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனதுபோல் ஆகிவிடும். கூகுளும் அதைக் காணாமல்போன பக்கமாகவே கணக்கு வைக்கும்.

தமிழ்த் தளத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் அது 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் ஒரு பக்கப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. 'சங்கரன்கோவில்' என்பதில் 13 குறியீடுகள், 117 எழுத்து. 'ஆடித்தபசு' என்பதில் 9 குறியீடுகள், 81 எழுத்து. நடுவில் ஓர் இணைப்புக்கோடு. ஆக 199! நம் ஊர்ப் பெயரும் திருவிழாப் பெயரும் சேர்ந்தாலே இடம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் நீ 'சேலைகள்' என்று எழுதினால் அது வெட்டுப்பட்டுப் போகும். கடையின் பழைய பதிவுகள் பிளாக்கரில் இருக்கின்றன அல்லவா? அங்கே தமிழ்த் தலைப்பை முகவரியில் ஏற்பதே இல்லை. வெறும் 'பிளாக் போஸ்ட்', அதன் பின்னால் ஓர் எண். முகவரியைப் பார்த்து எது எந்தப் பதிவு என்று ஊகிக்க முடியாது. திறந்து பார்த்துத்தான் தாளில் எழுத வேண்டும். புது முகவரிகளை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கையாலேயே வை.

இன்னும் பழைய பக்கங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் வேஷம். என்எச்எம் கன்வெர்ட்டர் யுனிகோடாக மாற்றிக் கொடுக்கும். ஆனால் நடுவில் வரும் மின்னஞ்சல் முகவரியையும் ஆங்கிலப் பெயரையும்கூடத் தமிழாக நினைத்து மாற்றி உளறலாக்கிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் படி.

இதைப் பொறுமையாகச் செய்து காட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பழந்தமிழ் நூல்களை ஏற்றினார்கள். எழுத்துரு மாறியது, திஸ்கி என்ற குறியீட்டு முறை வந்தது, பிறகு யுனிகோடு வந்தது. நூலுக்குக் கொடுத்த வரிசை எண் மட்டும் மாறவில்லை. முதல் எண் திருக்குறளுக்கு. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். நான் மிகவும் மதிக்கும் தளமாற்றம் அது.

இதற்கு நேர்மாறானது, யார் வேண்டுமானாலும் தளம் அமைக்க இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டிஸ். 1994இல் தொடங்கி, 1999இல் யாகூ வாங்கி, 2009 அக்டோபர் 26இல் மூடப்பட்டது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்ததால் ஒரு பகுதி மிஞ்சியது. பிறர் இடத்தில் குடியிருந்தால் இதுதான் நடக்கும். டொமைன் பெயர் கடைக்காரர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே கேள். உன் பெயரிலும் இருக்கக் கூடாது.

என் கதை ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழின் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினேன். புது டேட்டாபேஸ் லத்தீன் எழுத்துக்கு அமைக்கப்பட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. கட்டுரைகள் அத்தனையும் கேள்விக்குறி வரிசைகளாக மாறிவிட்டன. கேள்விக்குறியாகச் சேமித்த பின் உள்ளே மீட்க ஒன்றுமே இருக்காது. பழைய சர்வரை முந்தின நாள்தான் ரத்து செய்திருந்தேன். எழுதியவர்களில் இருவர் அப்போது உயிரோடு இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் பிரதி கேட்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், முழு நகல் எடு. நகலை வேறோர் இடத்தில் திறந்து, தமிழ் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அதை நகல் என்று நம்பு. மாற்றிய பின்னும் பழைய தளத்தைச் சில மாதங்கள் உயிரோடு வைத்திரு. திசைமாற்றங்கள் குறைந்தது ஓராண்டு இருக்கட்டும் என்று கூகுளே சொல்கிறது. முடிந்தால் எடுக்கவே எடுக்காதே.

சில்லறை விஷயங்கள்: மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன் டிஎன்எஸ் பதிவின் காலாவதி நேரத்தை (டிடிஎல்) 86400 நொடியிலிருந்து 300 ஆகக் குறை. தவறினால் சீக்கிரம் திரும்பலாம். நேம்சர்வரை மாற்றும்போது அஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவுகளையும் கொண்டுபோ, இல்லாவிட்டால் ஆர்டர் மெயில்கள் சொல்லாமல் நின்றுவிடும். தொடர்புப் பக்கத்தில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருக்கும். 2019 நவம்பர் 22 முதல் நாம் தென்காசி மாவட்டம். அதைத் திருத்து. அதற்கு முந்தைய செய்திப் பதிவுகளைத் தொடாதே, அன்று அதுதான் உண்மை.

ஆடித்தபசுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் இந்த வேலை வேண்டாம். தபசுக்கு ஊரே நிறையும், கடையைத் தேடுகிறவர்களும் கூடுவார்கள். தை பிறந்து வியாபாரம் ஓய்ந்த ஒரு செவ்வாய் இரவு போதும்.

எக்செல் தாள் முடிந்ததும் எனக்கு அனுப்பு. இடப்பக்கத்து முகவரிகளை ஒவ்வொன்றாக நானே அழுத்திப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா